ஷெர்லாக் ஹோம்ஸைக் காதால் கேட்பது எப்படி: ஒலி நாடகங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

1883 ஏப்ரல் மாதத்து இரவு. விளக்கு ஏற்றக் கூடாது, பேசக் கூடாது, தூங்கிவிடவும் கூடாது. கட்டில் ஓரத்தில் துப்பறிவாளர் ஹோம்ஸ், நாற்காலியில் அவர் கதைகளை நமக்குச் சொல்லும் நண்பர் டாக்டர் வாட்சன். தூரத்தில் சர்ச் கடிகாரம் கால் மணிக்கு ஒருமுறை அடிக்கிறது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம், அடுப்பில் இருக்கும் கெட்டிலில் இருந்து ஆவி கசிகிற மாதிரி மெல்லிய சத்தம். ஹோம்ஸ் துள்ளி எழுந்து தீக்குச்சியைக் கிழித்து, கைத்தடியால் எதையோ வெறிபிடித்தவர் போல அடிக்கிறார். "பார்த்தீர்களா வாட்சன், பார்த்தீர்களா?"

வாட்சன் எதையும் பார்க்கவில்லை. திடீர் வெளிச்சத்தில் கண் கூசிவிட்டது. அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு விசில் சத்தம் மட்டும்.

'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையின் உச்சக்கட்டம் இது. ஆர்தர் கோனன் டாயில் இதை 1892-ல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் எழுதினார். 1927-ல் தன் ஹோம்ஸ் சிறுகதைகளில் சிறந்த பன்னிரண்டைப் பட்டியல் போட்டபோது இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார். ரேடியோ நாடகம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட ரேடியோ நாடகம் என்று எனக்குத் தோன்றும். அமெரிக்காவின் என்பிசி நிறுவனம் 1930 அக்டோபர் 20 அன்று ஹோம்ஸை முதன்முதலாகத் தொடராக வானொலிக்குக் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்ட முதல் கதையும் இதுதான். டாயில் இறந்து மூன்றரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை குவிந்திருக்கும் ஒலி நாடகங்களுக்குக் கணக்கு இல்லை. புதிதாக உள்ளே வருபவர் திணறித்தான் போவார். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி இது: ஹோம்ஸாக யார் நடிக்கிறார் என்று பார்க்காதீர்கள், வாட்சனாக யார் என்று பாருங்கள். கண்ணை எடுத்துவிட்டால் நாம் உட்கார்ந்திருப்பது வாட்சனின் நாற்காலியில்தான். அந்த நாற்காலி சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஹோம்ஸ் வந்தும் பிரயோஜனமில்லை.

1. முதலில் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தேடல் பெட்டியில் ஷெர்லாக் ஹோம்ஸ் ஆடியோ என்று போட்டால் மூன்று வகைச் சரக்கு கலந்து வரும்.

ஒன்று, ஒலிப்புத்தகம். ஒருவர் உட்கார்ந்து கதையை அப்படியே வாசிப்பார். ஆங்கில நடிகர் ஸ்டீபன் ஃப்ரை 2017-ல் ஒலிப்புத்தக நிறுவனமான ஆடிபிளுக்காக வாசித்த முழுத் தொகுப்பு எழுபது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அருமையான வாசிப்பு, ஆனால் நாடகம் இல்லை. லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகப் போட்டிருப்பவையும் இந்த வகைதான்.

இரண்டு, படங்களின் ஒலி. பழைய ஹோம்ஸ் படங்களின் சத்தத்தை மட்டும் உருவி யாராவது ஏற்றி வைத்திருப்பார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் பழக்கமானதுதான். நடுவில் திடீரென்று யாரும் பேசாமல் இசை மட்டும் ஓடும், என்ன நடக்கிறது என்று நாமே யூகித்துக்கொள்வோம். தெரிந்த படமாக இருந்தால் ரசிக்கலாம். துப்பறியும் கதையில் அந்த மௌனத்தில்தான் தடயம் இருக்கும், தவறிவிடும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. காதுக்காகவே எழுதி, நடிகர்களும் சத்தங்களும் சேர்ந்து நடத்தும் ஒலி நாடகம். கோப்பின் விவரத்தில் எழுதியவர் பெயரும் நடிகர் பட்டியலும் இருந்தால் பெரும்பாலும் இதுவாக இருக்கும். வாசித்தவர் என்று ஒரே ஒரு பெயர் இருந்தால் ஒலிப்புத்தகம்.

2. முதல் கதையைச் சரியாக எடுங்கள்

மொத்தம் 60 கதைகள்: 4 நாவல், 56 சிறுகதை. வரிசையாகப் போவோம் என்று 1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் தொடங்குபவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாதி வரை ஜோராகப் போனது. குற்றவாளி பிடிபட்ட கையோடு கதை லண்டனை விட்டுவிட்டு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போய்விட்டது. ஹோம்ஸும் இல்லை, வாட்சனும் இல்லை. கோப்பு மாறிவிட்டதோ என்று இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் ஆறு மாதம் ஹோம்ஸ் பக்கமே போகவில்லை. 'தி வேலி ஆஃப் ஃபியர்' நாவலிலும் இதே போல பின்பாதி அமெரிக்கச் சுரங்கப் பகுதிக்கு ஓடிவிடும். இரண்டையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கதையாக 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' எடுங்கள். வேறு யோசனையே வேண்டாம். ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பிலும் இது உண்டு, அதனால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

(முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கதையில் வரும் பாம்பு கிண்ணத்தில் பால் குடிக்கும், விசிலுக்குக் கட்டுப்படும். பாம்பு ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடமாகச் சிரிக்கிறார்கள். புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரில் பிறந்த நமக்கு முதல் விஷயம் உறுத்தாது, டாயில் நம் பக்கம் என்று விட்டுவிடலாம்.)

இரண்டாவதாக 'தி டையிங் டிடெக்டிவ்'. ஒரே அறை, நாலைந்து பேர். ஹோம்ஸ் தொற்றுநோயில் படுத்திருக்கிறார், கிட்டே வராதே என்று வாட்சனை விரட்டுகிறார். மேடையில் பத்தடி தூரம் என்பது பத்தடிதான். ஒலியில் அந்தத் தூரம் மைக்கில் இருந்து நடிகர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதில் இருக்கிறது, கேட்கும்போது தொண்டை வரளும். கடைசிக் காட்சியில் வாட்சனைக் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார் ஹோம்ஸ். எதிரி வந்து பேசுகிறான். ஒளிந்திருப்பவர் பார்க்க முடியாது, காதைத் தீட்டிக் கேட்க மட்டுமே முடியும். அந்த நேரத்தில் வாட்சனும் நாமும் ஒரே நிலையில் இருக்கிறோம்.

மூன்றாவதாக 'சில்வர் பிளேஸ்'. குரைக்காத நாயின் கதை என்று பலருக்குத் தெரிந்திருக்கும். இரவில் குதிரை திருட்டுப் போனபோது லாயத்து நாய் குரைக்கவில்லை, அதுவே தடயம். சத்தமே ஊடகம் என்று இருக்கும் இடத்தில், வராத சத்தத்தை எப்படிக் காட்டுவது? நல்ல எழுத்தாளர் அந்த இரவுக் காட்சியை முன்கூட்டியே நம் காதுக்குக் கொடுத்துவிடுவார். குதிரைகள் செருமும், வைக்கோல் சரசரக்கும், நாய் மட்டும் வராது. நாம் கவனித்திருக்க மாட்டோம். ஹோம்ஸ் சொல்லும்போது, அட நாமும்தானே அங்கே இருந்தோம் என்று உறைக்கும். போனஸாக, இந்தக் கதையில் லாயக்காரப் பையனுக்கு அபின் கலந்து கொடுப்பது ஆட்டுக்கறிக் குழம்பில். மசாலா வாசனையில் அபின் தெரியாது என்பது டாயிலின் கணக்கு.

3. வாட்சனைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான ஜோடிகளை நான் கேட்கும் கோணத்தில் சொல்கிறேன்.

1930-ல் அந்த முதல் ஒலிபரப்பில் ஹோம்ஸாகப் பேசியவர் வில்லியம் கில்லெட். 1899 முதல் மேடையில் ஹோம்ஸாகவே வாழ்ந்தவர், வானொலிக்கு வந்தபோது வயது 77. நாடகத்தை எழுதியவர் ஈடித் மெய்சர் என்ற நடிகை. ஹோம்ஸ் கதைகள் ரேடியோவுக்குப் பொருந்தும் என்று நம்பி, விடாமல் முட்டிமோதி நடத்திக்காட்டியவர் அவர்தான். ஒரு காப்பிக் கம்பெனி விளம்பரதாரர். இதெல்லாம் வரலாறு. இன்று தேடினால் கையில் சிக்குபவை பெரும்பாலும் 1939-க்குப் பிந்தையவை.

1938 செப்டம்பரில் ஆர்சன் வெல்ஸ் தன் மெர்க்குரி தியேட்டர் குழுவோடு கில்லெட்டின் பழைய மேடை நாடகத்தை ஒரு மணி நேர ஒலி நாடகமாக்கி, தானே ஹோம்ஸாகப் பேசினார். செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகத்தால் அமெரிக்காவைக் கலங்கடித்தது அடுத்த மாதம்தான். இதை ஒரு தடவை கேட்டால் போதும்.

அடுத்து பேசில் ராத்போன், நைஜல் புரூஸ். 1939 முதல் 1946 வரை படங்களிலும் வானொலியிலும் ஒரே சமயத்தில் ஹோம்ஸும் வாட்சனுமாக இருந்தவர்கள். வானொலியில் மட்டும் இருநூறு நாடகத்துக்கு மேல், எல்லாம் நேரடி ஒலிபரப்பு, ஒவ்வொன்றும் சுமார் அரை மணி. முதலில் மெய்சர் எழுதினார், பிறகு டெனிஸ் கிரீனும் ஆந்தனி பௌச்சரும். ஒயின் கம்பெனி ஆதரவில் வந்த காலத்து நாடகங்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. வயதான வாட்சன் ஓய்வு பெற்று கலிஃபோர்னியாவில் இருக்கிறார். அறிவிப்பாளர் அவரைத் தேடி வருகிறார். கணப்பு அருகே உட்கார்ந்து, ஒயினைப் பற்றி நாலு வார்த்தை (அது விளம்பரம்), பிறகு, 'அன்றைக்கு என்ன நடந்தது டாக்டர்?' என்று கதை தொடங்கும். நடுவிலும் ஒயின் வரும், முடிவிலும் வரும். கொலை விசாரணைக்கு நடுவே எந்த உணவோடு எந்த ஒயின் என்று பாடம் நடத்துவார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், நாலாவது நாடகத்தில் அதற்காகவே காத்திருப்பீர்கள்.

புரூஸின் வாட்சன் அசடு. முணுமுணுப்பார், தடுமாறுவார், ஹோம்ஸ் சொல்வதற்கெல்லாம் வாயைப் பிளப்பார். டாயில் எழுதிய ராணுவ டாக்டருக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தக் கணப்பு அருகே கதை சொல்லும் கிழவர் இருக்கிறாரே, அவரை யாராலும் வெறுக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து தன் இளமைக்காலத்தை அளக்கும் தாத்தாவின் குரல் அது. துப்பறிதலுக்காக அல்ல, அந்தக் குரலுக்காகக் கேளுங்கள். ராத்போன் 1946-ல் விலகிய பிறகு டாம் கான்வே ஹோம்ஸாக வந்தார், புரூஸ் ஒரு வருடம் தொடர்ந்தார்.

அந்தக் காலத்துக்குப் பிறகு பிரிட்டனில் கார்ல்டன் ஹாப்ஸ், நார்மன் ஷெல்லி. பிபிசியில் 1952 முதல் 1969 வரை. ஒரு தலைமுறை ஆங்கிலேயர்களுக்கு ஹோம்ஸ் என்றால் இந்தக் குரல்கள்தான். சத்தங்கள் குறைவு, பேச்சு தெளிவு. ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்று தயங்குபவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். பள்ளிக்கூட வாத்தியார் போல ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரிப்பார்கள்.

1954-ல் ஜான் கீல்குட்டை ஹோம்ஸாகவும் ரால்ஃப் ரிச்சர்ட்சனை வாட்சனாகவும் வைத்து எடுத்த ஒரு சிறிய தொடர் பிபிசியில் வந்தது. இரண்டு பேருமே அந்தக் காலத்து ஆங்கில மேடையின் உச்சாணிக் கொம்பில் இருந்தவர்கள். 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் வில்லன் மோரியார்ட்டியாக வருபவர் அதே ஆர்சன் வெல்ஸ். பதினாறு வருடம் முன்னால் ஹோம்ஸாக இருந்தவர், இங்கே ஹோம்ஸைக் கொல்ல வருகிறார். கீல்குட்டின் குரல் எனக்குக் கொஞ்சம் அதிக இனிப்பு. ரிச்சர்ட்சன் இயல்பாக இருக்கிறார்.

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கிளைவ் மெரிசன், மைக்கேல் வில்லியம்ஸ். பிபிசி ரேடியோ 4, 1989 நவம்பர் முதல் 1998 ஜூலை வரை. 60 கதைகளையும், ஒன்றுவிடாமல், இந்த இரண்டு பேரையே வைத்துச் செய்தார்கள். அதற்கு முன் வானொலியில் யாரும் அதைச் செய்து முடித்ததில்லை. பெர்ட் கூல்ஸ் என்பவர் தலைமை எழுத்தாளர், கூட ஒரு எழுத்தாளர் குழு. சிறுகதை ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். நாவல்களை இரண்டு பாகமாகப் பிரித்தார்கள்.

மெரிசனின் ஹோம்ஸ் சிடுமூஞ்சி. வேகமாகப் பேசுவார், சலித்துக்கொள்வார், திடீரென்று குழந்தை மாதிரி சிரிப்பார். ஆனால் தொடரைத் தாங்குவது வில்லியம்ஸ்தான். ஆப்கானிஸ்தான் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய டாக்டர் என்று நம்ப முடிகிற குரல். ஹோம்ஸ் எல்லை மீறும்போது கோபப்படுவார். நோயாளியிடம் பேசும் தொனி வேறு, ஹோம்ஸிடம் பேசும் தொனி வேறு. கூல்ஸ் குழு வாட்சனைக் கதைசொல்லியாக மட்டும் நிறுத்தாமல் காட்சிக்குள் இறக்கிவிட்டதும் ஒரு காரணம். மற்ற தொடர்களில் 'அன்று மாலை நான் பேக்கர் தெருவுக்குப் போனபோது' என்று வாட்சன் சொல்லுமிடம், இங்கே கதவு திறக்கும் சத்தமாகவும் ஒரு பெருமூச்சாகவும் வந்துவிடும்.

வில்லியம்ஸ் 2001 ஜனவரியில் இறந்துபோனார். பிறகு 2002 முதல் 2010 வரை வந்த புதிய கதைகளில் ஆண்ட்ரூ சாக்ஸ் வாட்சன். டாயிலின் கதைகளில் வாட்சன் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் விட்ட வழக்குகளை எடுத்து கூல்ஸ் எழுதியவை, மொத்தம் 16. சாக்ஸ் நல்ல நடிகர். ஆனால் அறுபது கதை வில்லியம்ஸோடு வாழ்ந்துவிட்டு வந்தால், வீட்டில் யாரோ நாற்காலியை இடம் மாற்றி வைத்துவிட்டது போலத்தான் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. சியாட்டிலில் ஜிம் ஃப்ரெஞ்ச் நடத்திய இமேஜினேஷன் தியேட்டரும் 60 கதைகளையும் செய்திருக்கிறது. அங்கே ஜான் பேட்ரிக் லோரி ஹோம்ஸ், லாரன்ஸ் ஆல்பர்ட் வாட்சன். மூலக்கதையை விட்டு அதிகம் விலகாதவை. பிரிட்டனின் பிக் ஃபினிஷ் நிறுவனத்தில் நிக்கோலஸ் பிரிக்ஸ், ரிச்சர்ட் எர்ல் ஜோடி, புதிய கதைகள் அதிகம், ஒலி வேலைப்பாடு பிரமாதம். 2023-ல் தொடங்கிய 'ஷெர்லாக் அண்ட் கோ' என்ற பாட்காஸ்ட் இன்றைய லண்டனில் நடக்கிறது. அதில் வாட்சன் பாட்காஸ்ட் நடத்துபவர், போகுமிடமெல்லாம் மைக்கோடு போய்ப் பதிவு செய்கிறார். யோசித்தால் டாயிலின் வாட்சன் செய்ததும் அதுதானே, நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் மைக். கல்லூரி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள், ராத்போனைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள்.

4. காதைத் தயார் செய்யுங்கள்

முதல் கதைக்கு மட்டும் ஒரு சலுகை எடுத்துக்கொள்ளுங்கள்: கதையை முன்பே படித்துவிடுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. கதை தெரிந்திருந்தால் காது உச்சரிப்போடு மல்லுக்கட்டாமல் நடிப்பைக் கவனிக்கும். இரண்டாவது கதையில் இருந்து படிக்காமல் கேளுங்கள்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடாதீர்கள். செய்திக்கும் பாடத்துக்கும் அது சரி. நாடகத்தில் மௌனமும் வசனம்தான், வேகத்தைக் கூட்டினால் முதலில் சாவது அதுதான். ஹெட்போன் நல்லது. சமைத்துக்கொண்டே கேட்பது ராத்போனுக்கு ஒத்துவரும், மெரிசனுக்கு ஒத்துவராது. 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' மட்டும் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு. எனக்கு அந்த வாய்ப்பு ஒரு மின்வெட்டில் தானாகவே அமைந்தது. விசில் வந்த நேரத்தில் சமையலறையில் குக்கர் மூடி சரிந்து விழுந்தது. மேற்கொண்டு சொல்ல விரும்பவில்லை.

சில சொற்கள் அடிக்கடி வரும், தெரிந்துகொண்டால் திணற மாட்டீர்கள். ஹான்சம் என்பது இரண்டு சக்கர வாடகைக் குதிரைவண்டி. நம் ஜட்காவை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் வண்டிக்காரர் பின்னால், உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் ஹோம்ஸ் வண்டிக்காரரிடம் பேசும்போது குரலை மேல்நோக்கி எறிவார். நல்ல தயாரிப்பில் அது கேட்கும். டாக் கார்ட் என்றால் நாய் இழுப்பது இல்லை, அதுவும் குதிரைவண்டிதான், கிராமத்துக் காட்சிகளில் வரும். அல்ஸ்டர் என்பது நீளமான கம்பளிக் கோட்டு. காசுக் கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, சவரன் என்பது ஒரு பவுண்டுத் தங்க நாணயம், கினி என்றால் 21 ஷில்லிங். சவரன் என்ற சொல்லை நகைக்கடையில் இன்றும் சொல்கிறோம், அது இந்த நாணயத்தில் இருந்து வந்ததுதான்.

5. ஒரே கதையை மூன்று தயாரிப்பில் கேளுங்கள்

இதைச் செய்யாமல் விட்டால் பாதி சுகம் போய்விடும். 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையையே ராத்போன், ஹாப்ஸ், மெரிசன் என்று மூன்று நாளில் கேளுங்கள். மூன்று இடங்களில் காதை வையுங்கள்.

முதலாவது, படிக்கட்டு. பேக்கர் தெரு வீட்டின் மாடிக்கு 17 படி என்று ஹோம்ஸே வேறொரு கதையில் வாட்சனிடம் சொல்லிக் காட்டுவார், தினமும் ஏறுகிறீர்கள், எண்ணியதில்லையே என்று. ஒலி நாடகத்தில் வழக்கு வீட்டுக்குள் வருவது அந்தப் படிக்கட்டு வழியாகத்தான். வருபவர் கனமா ஒல்லியா, கோபமா பயமா, எல்லாம் கதவு திறப்பதற்கு முன்பே காலடியில் தெரிந்துவிட வேண்டும். பிபிசி நாடக ஸ்டூடியோக்களில் இதற்காகவே கல், மரம், கம்பளம் என்று வெவ்வேறு பரப்பு வைத்த படிக்கட்டு உண்டு. வெளியிடக் காட்சிகளுக்கு எதிரொலியே இல்லாத அறையும் உண்டு, அதை 'செத்த அறை' என்று சொல்வார்கள். திறந்த வெளியில் குரல் எதிலும் பட்டுத் திரும்புவதில்லை, அதனால்.

இரண்டாவது, உதவி கேட்டு வந்த பெண்ணின் மாற்றாந்தந்தை டாக்டர் ராய்லட் ஹோம்ஸ் வீட்டில் நுழைந்து மிரட்டி, இரும்புக் கம்பியைக் கையால் வளைத்துக் காட்டிவிட்டுப் போகும் இடம். அவர் போனதும் ஹோம்ஸ் அதை எடுத்து நிமிர்த்துகிறார். கம்பி வளைவதை எப்படிக் கேட்க வைப்பது? சத்தமாக ஒருவர் விளக்கினால் தோல்வி. முக்கல், உலோகத்தின் முனகல், கீழே விழும் சத்தம், வாட்சனின் ஒரு சின்ன மூச்சு. இவ்வளவு போதும். மோசமான ரேடியோ நாடகத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்: "அதோ பார், அப்பா சைக்கிளில் இருந்து இறங்கி, கையில் கடிதத்தோடு வருகிறாரே!" ஹோம்ஸ் நாடகங்களிலும் இந்தச் சைக்கிள் அப்பா அடிக்கடி வருவார், ஆங்கிலத்தில்.

மூன்றாவது, இருட்டு அறையில் காத்திருப்பது. எத்தனை விநாடி மௌனமாக விட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விளம்பரத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டிய அமெரிக்கத் தொடருக்கு அவ்வளவு மௌனம் கட்டுப்படியாகாது. பிபிசிக்குக் கட்டுப்படியாகும்.

6. பிறகு எந்த வரிசை

மூன்று கதை முடித்திருப்பீர்கள். அடுத்து மெரிசன் தொடரில் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. அந்தக் குழு 1998-ல் இதைக் கடைசியாக வைத்துக்கொண்டு தொடரை முடித்தது. கதையின் நடுப்பகுதியில் ஹோம்ஸ் கிடையாது. வாட்சன் தனியாக டார்ட்மூர் பொட்டல்வெளியில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறார், நாட்குறிப்பு எழுதுகிறார். தூரத்தில் இனம் தெரியாத ஊளை. அங்கே வசிக்கும் ஒருவர், சதுப்புநிலக் கொக்கு ஏதாவது கத்தியிருக்கும் என்று சமாதானம் சொல்கிறார். நல்ல வாட்சன் கிடைத்துவிட்டால் ஹோம்ஸ் இல்லாத இந்தப் பகுதிதான் உச்சம்.

அதன் பிறகு சிறுகதைகளை இஷ்டப்படி எடுங்கள். 'தி மஸ்கிரேவ் ரிச்சுவல்', 'தி குளோரியா ஸ்காட்' இரண்டும் ஹோம்ஸ் வாட்சனுக்குச் சொல்லும் பழங்கதைகள், கதைக்குள் கதை. ஒலியில் செய்வது கஷ்டம், எழுத்தாளர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க நல்லவை. ஹோம்ஸே கதைசொல்லியாக வரும் 'தி லயன்ஸ் மேன்' கதையைக் கடைசியில் வையுங்கள். வாட்சன் இல்லாத நாற்காலி எவ்வளவு காலியாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

7. எங்கே கிடைக்கும், எதில் ஏமாறக் கூடாது

ராத்போன் காலத்து நாடகங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய வானொலி நாடகங்களைத் தொகுக்கும் பாட்காஸ்ட்களிலும் கிடைக்கின்றன. தட்டில் பதிவானவை என்பதால் கரகரப்பு இருக்கும். கோப்புப் பெயரை நம்பாதீர்கள். ஒரே நாடகம் மூன்று பெயரில் இருக்கும், ராத்போன் என்று போட்டதில் கான்வே பேசுவார். தொடக்கத்தில் அறிவிப்பாளர் நடிகர் பெயர் சொல்வார், அதை வைத்து உறுதிசெய்யுங்கள். மெரிசன் தொடர் ஆடிபிள் மாதிரியான கடைகளில் தொகுப்புகளாக விற்கிறது. தனித்தனியாக வாங்குவதை விடத் தொகுப்பு மலிவு. 'ஷெர்லாக் அண்ட் கோ' எல்லா பாட்காஸ்ட் செயலியிலும் உண்டு.

டாயில் 1930-ல் இறந்துவிட்டதால் இந்தியாவில் கதைகளுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் கடைசிக் கதைகள் விடுபட்டது 2023 ஜனவரி 1-ல். ஆனால் கதை பொதுவுடைமை என்பதால் நாடகப் பதிவும் பொதுவுடைமை ஆகிவிடாது. பிபிசி பதிவை எடுத்து உங்கள் சேனலில் போட்டால் தூக்கிவிடுவார்கள். மொழிபெயர்ப்புக்கும் அதேதான், மொழிபெயர்த்தவர் உரிமை தனி.

8. தமிழில் செய்து பார்க்க ஆசைப்பட்டால்

கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் கை பரபரக்கும். செல்போனும் நாலு நண்பர்களும் போதும். மூலக்கதையில் இருந்து நேராக எழுதுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த இருட்டறைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் நான் எழுதியது இப்படி இருந்தது:

வாட்சன்: ஹோம்ஸ், ஏதோ சத்தம் கேட்கிறது! மணிக்கயிற்றின் பக்கம் ஏதோ அசைகிறதே!

இருட்டில் அவருக்கு எப்படித் தெரிந்தது? சைக்கிள் அப்பா என் வீட்டுக்கே வந்துவிட்டார். திருத்தியது:

(கடிகாரம் மூன்று அடிக்கிறது. மௌனம். நாற்காலி லேசாகக் கிறீச்சிடுகிறது. ஆவி கசியும் சத்தம், மிக மெல்ல.)
வாட்சன்: (மூச்சோடு) ஹோம்ஸ்...
(தீக்குச்சி உரசல். கைத்தடி அடி, மூன்று, நான்கு.)
ஹோம்ஸ்: பார்த்தீர்களா வாட்சன்? பார்த்தீர்களா?
(விசில்.)
வாட்சன்: இல்லை.

இதை எழுதும்போதுதான் ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல் வந்தது. ஹோம்ஸ் வாட்சனை 'நீ' என்பாரா, 'நீங்கள்' என்பாரா? ஆங்கிலத்துக்கு ஒரே சொல், தப்பித்துக்கொள்கிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பர்கள், 'நீ' என்று போடத்தான் கை போகும். ஆனால் இவர்கள் கடைசிவரை குடும்பப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளும் விக்டோரியக் காலத்து மனிதர்கள். ஹோம்ஸ் ஒருநாளும் ஜான் என்று அழைத்ததில்லை. நான் 'நீங்கள்' என்றே வைத்தேன். நண்பர்கள் சண்டை போட்டார்கள், இரண்டு பேரும் ஆபீஸில் வேலை செய்பவர்கள் மாதிரி இருக்கிறது என்று.

விட்டுக்கொடுக்காததற்குக் காரணம், 1924-ல் வந்த 'தி த்ரீ கேரிடெப்ஸ்' கதை. அது நடப்பது 1902 ஜூனில். அந்த இருட்டறை இரவு கழிந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. குற்றவாளி சுட்டதில் வாட்சன் தொடையில் குண்டு உரசிவிடுகிறது. பெரிய காயம் இல்லை. ஆனால் அத்தனை வருடமும் இறுகியே இருந்த அந்த முகம் கலங்குவதை வாட்சன் முதன்முதலாகப் பார்க்கிறார். ஹோம்ஸ் ஓடி வந்து அவரைத் தாங்கிப் பிடிக்கிறார். எங்கள் பிரதியில் அந்த இடத்து வசனம் இப்படி இருக்கிறது:

ஹோம்ஸ்: (குரல் உடைந்து) வாட்சன், உனக்கு ஒன்றும் இல்லையே? சொல். ஒன்றும் இல்லை என்று சொல்.